மழை நாளில் எங்கே உட்காருவது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் சேர்த்துப் பாடம் நடத்துவேன் என்று என்னைத் திட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்றைக்கும் அப்படித்தான். காபியோ டீயோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை இரவு விடாத மழை. மறுநாள் சென்னைப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டி.வி.யில் வந்ததும் எங்கள் வீட்டில் ஒரே கூச்சல். ஏழாவது படிக்கும் பேரனும் மூன்றாவது படிக்கும் பேத்தியும் சோபாவின் மேல் ஏறிக் குதித்தார்கள். சென்னை வானத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். லீவு விட்டால் மழை நின்றுவிடும். புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு வெறும் தூறல். ஒன்பது மணிக்குப் பேரன் கையில் மொபைல், பேத்தி கையில் டேப். பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே குரலில், "பாட்டி, போர் அடிக்குது."

மகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான், "சாயந்திரம் மாலுக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் சும்மா இருங்க."

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா நனைந்துகொண்டே வந்தார். பின்னால் அவர் மகள். ஐந்தாம் வகுப்பு. "ஸ்கூல் லீவும்மா. வீட்டுல கணுக்கால் தண்ணி. தனியா விட்டுட்டு வர மனசு வரல" என்றார். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றாள். உட்கார் என்று நான் சொன்ன பிறகும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நாற்காலியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் வாசற்படி ஓரமாகக் குந்திக்கொண்டாள்.

அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அது எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். மழை பெய்தால் பிள்ளைகளுக்கு இரண்டே வழிதான் இருக்கிறது, ஒன்று ஸ்கிரீன், இன்னொன்று மால் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். சென்னையில் காசு இல்லாமலோ, சொற்பக் காசிலோ, நல்ல கூரைக்கு அடியில் ஒரு நாள் முழுக்க இருக்கக்கூடிய பொது இடங்கள் இருக்கின்றன. நாம் போவதில்லை. அதில் நமக்குக் கொஞ்சம் நஷ்டம். போக வீடு சரியில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய நஷ்டம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் ஜாக்ரபி டீச்சர், இதைச் சொல்லாமல் விட முடியாது. வானிலை மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை என்கிறது. 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. சிவப்பு எச்சரிக்கை என்றால் யாரும் எங்கேயும் கிளம்ப வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அந்த நாளை வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்வது மற்ற நாட்களை. லீவு விட்டு, தூறல் விழுந்து, சாலையில் தண்ணீர் இல்லாமல், வீட்டுக்குள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழும் நாட்களை.

அன்று நான் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். "உங்க கூடன்னா சரிம்மா" என்றார். பெரம்பூரில் மின்சார ரயில், சென்ட்ரலில் மெட்ரோ, அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், அங்கிருந்து ஒரு ஆட்டோ. மியூசியம் வந்துவிட்டது.

எங்கள் பாட்டி காலத்தில் எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். அப்படியென்றால் 'உயிர் காலேஜ்' எது? மிருகக்காட்சி சாலை. பேத்திக்கு இதைச் சொன்னதும் சிரிப்பு அடங்கவில்லை. வழியெல்லாம் "செத்த காலேஜ், செத்த காலேஜ்" என்று பாட்டு.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. உங்களில் பலரைப் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே வரிசையாக நடக்க வைத்திருக்கிறேன். 'தொடாதே, ஓடாதே, சீக்கிரம் வா' என்று மூன்றே வார்த்தை சொல்லி இரண்டு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது மியூசியம் பார்க்கும் முறை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று பொருள் போதும். அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். மழை நாளில் கூட்டமும் இருக்காது, வெளியே ஓட வேறு இடமும் இருக்காது. நின்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

நாங்கள் பார்த்த முதல் பொருள் கல். பழைய கற்காலக் கருவிகள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். மனிதன் செதுக்கிய கல் என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது. அவர் சேர்த்த கருவிகள் பின்னால் இந்த மியூசியத்துக்கே வந்தன. அதே ஆண்டு அவர் கண்டுபிடித்த இன்னொரு இடம், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அங்கே பின்னாளில் தோண்டி எடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். "பல்லாவரமா? நம்ம சித்தி வீடு இருக்கே, அந்தப் பல்லாவரமா?" என்று பேரன் இரண்டு தடவை கேட்டான். ஆமாம், அதே பல்லாவரம்தான். சந்தைக்குப் போகும் பல்லாவரம்தான்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல்லில் புத்தர் கதைகள். ஆந்திராவின் கிருஷ்ணா நதிக்கரைக் கல்லுக்கு எழும்பூரில் என்ன வேலை என்று கேளுங்கள். பிள்ளைகள் யோசிப்பார்கள். அன்றைக்குச் சென்னை மாகாணம் எவ்வளவு பெரியது என்று அங்கேயே மொபைலில் வரைபடம் எடுத்துக் காட்டினேன். மொபைலைத் திட்டினேனே தவிர அது உபயோகப்படும் இடத்தில் உபயோகிக்கத் தெரியும்! அமராவதியின் இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே ஸ்தூபி, இரண்டு கண்டம். ஒரு பாடப்புத்தக அத்தியாயம் முழுக்கச் சொல்ல வேண்டியதை அந்தக் கற்களே சொல்லிவிட்டன.

மூன்றாவது, வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். அர்த்தநாரீசுவரரின் இடுப்பு ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேறு மாதிரியும் வளைவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது என் பேரனோ பேத்தியோ இல்லை. வாசற்படி ஓரம் குந்திக்கொண்டிருந்த பெண்தான். பிறகு நான் மெழுகு வார்ப்பு முறையைச் சொன்னேன். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள், மேலே மண் பூசுவார்கள், சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள், ஆறியதும் அச்சை உடைப்பார்கள். அச்சை உடைத்துவிடுவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

மூன்று பொருள் என்று சொன்னேன். திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டாமல் கூட்டிக்கொண்டு வந்தால் பேத்தி விடுவாளா? அது கணக்கில் சேராது.

கொண்டு போயிருந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மழை விடும் வரை நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டி, இங்க எவ்ளோ நேரம் இருக்கலாம்?"

"சாத்துற வரைக்கும் இருக்கலாம்மா."

"மறுபடி காசு கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "எங்க அம்மாவும் வரலாமா?" என்றாள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியவள். இந்தக் கேள்விக்குத் தயாராக என்னிடம் பதில் இல்லை. வரலாம் என்று சொன்னேன். அவள் அம்மாவுக்கு வார நாளில் லீவு ஏது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, மற்ற இடங்களுக்கு வருகிறேன்.

மியூசியம் இருக்கும் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி வர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. சட்டம் 1954-ல் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்க்க முடியாத புத்தகங்கள் நம் ஊர் எழும்பூரில் குவிந்திருக்கின்றன என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எனக்கே வழி சொல்வார்கள்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தார்கள். தரைத்தளத்துக்கு மேல் எட்டு மாடி. குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் இருக்கிறது, அதன் கீழ் உட்கார்ந்து படிக்கலாம். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, நம் சொந்தப் புத்தகத்தையே கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் ஒதுக்கியிருப்பதுதான். யோசித்துப் பாருங்கள். லைப்ரரி புத்தகமே வேண்டாம், மேசையும் மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் தருகிறோம், வந்து உட்கார் என்று ஓர் அரசாங்கக் கட்டடம் சொல்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவித்தொகை என்ன?

அதே காந்தி மண்டபம் சாலையில் பிர்லா கோளரங்கம். 1988-ல் வந்தது. மேகம் மூடிய நாளில் நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டால் அங்கேதான் போக வேண்டும். தமிழிலும் காட்சி உண்டு. குவிமாடத்துக்குக் கீழே இருட்டில் சாய்ந்து உட்கார்ந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே போகலாம்.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைச் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? 1795-ல் கட்டி முடித்த கட்டடம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே இருக்கிறது. மெரினா எதிரில் ஐஸ் ஹவுஸ் என்று பஸ் கண்டக்டர் கூப்பிடுவாரே, அந்தக் கட்டடம் 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. பாஸ்டன் ஏரித் தண்ணீர் உறைந்து, கப்பலேறி, உருகாமல் மெட்ராஸ் வந்த கதையைச் சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது. பிறகு விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கினார். இப்போது அவர் பெயரில் நினைவு இல்லம்.

மார்கழி வந்துவிட்டால் இன்னொரு வசதி. சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. வளரும் பிள்ளைகள் பாடுவார்கள், கேட்க ஆள் குறைவாக இருக்கும். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய் உட்காரலாம். பாட்டுப் புரியவில்லை என்றால் தம்புரா சுருதி கேட்டுக்கொண்டு தூங்கலாம். எங்கள் வீட்டுக்காரர் இருபது வருஷம் அப்படித்தான் சங்கீதம் கேட்டார். கேன்டீன் வாசனை வந்ததும் தானாக எழுந்துவிடுவார்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற இடங்களுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாற்றுத் துணியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் கட்டாயம். ஈர சாக்ஸோடு எந்தக் குழந்தைக்கும் சரித்திரம் ஏறாது.

வெளியே போகவே முடியாத நாளுக்கு வீட்டுக்குள் என்ன செய்வது? பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி என்று நான் பட்டியல் போட்டால் 'டீச்சர் பழைய காலத்தில் இருக்கிறார்' என்பீர்கள். போடவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். மழைமானி. நம் மழை வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாக அதிலேயே புனல் போலச் செருகுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதில் கூழாங்கல் போட்டு அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து ஸ்கேல் வைத்து மி.மீ. கோடு போடுங்கள். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் மாடியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு எடுங்கள். ஏன் எட்டரை? வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் கணக்கை முடிக்கிறது. டி.வி.யில் சொல்லும் நுங்கம்பாக்கம் அளவையும் உங்கள் வீட்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரே ஊரில் மழை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 560 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் முப்பத்தேழு குடம். ஒரு சாதாரணத் தூறல் நாள் நம் மாடியில் கொட்டிவிட்டுப் போகும் தண்ணீர் இது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். உங்கள் வீட்டுக் குழாய் இன்னும் தொட்டியில்தான் விழுகிறதா, தெருவில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வரப் பிள்ளைகளை அனுப்புங்கள். போர் அடிக்குது என்ற வார்த்தை அன்றைக்கு வராது.

இப்போது முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

மழை வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஏதோ டீச்சருக்குப் பிள்ளைகள் மேல் பாசம் என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு தப்பிலிருந்து ஆரம்பித்தது. என் தப்பு.

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர். காலை ரேடியோவில்தான் அப்போது லீவு அறிவிப்பு வரும். மாணவர்களுக்கு லீவு, ஆசிரியர்கள் மட்டும் பதிவேட்டு வேலைக்கு வர வேண்டும். நான் சாவி வாங்கிக்கொண்டு வகுப்பைத் திறக்கப் போகிறேன், வராந்தாவில் ஒரு பையன் நிற்கிறான். எட்டாம் வகுப்பு. யூனிபார்ம் போட்டு, தலையில் யூரியா சாக்கைக் கொங்காணி மாதிரிப் போட்டுக்கொண்டு, முழுக்க நனைந்து நிற்கிறான்.

"இன்னிக்கு லீவுன்னு தெரியாதா? காய்ச்சல் வந்துடும், வீட்டுக்குப் போ" என்றேன். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னேன். அவன் வகுப்பறைக் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி டீச்சர்" என்று போய்விட்டான்.

பள்ளி திறந்த பிறகுதான் மற்ற பிள்ளைகள் சொல்லித் தெரிந்தது. கால்வாய் ஓரத்தில் அவன் வீடு. இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மாடியில் பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும்தான் இடம் இருந்திருக்கிறது. அவன் லீவு என்று தெரிந்தேதான் வந்திருக்கிறான். பெஞ்சு காய்ந்திருக்கும், முடிந்தால் மத்தியானம் சத்துணவும் இருக்கும் என்று வந்திருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன், "அப்புறம் எங்கடா போன?"

"ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தேன் டீச்சர். அங்க யாரும் ஒண்ணும் சொல்லல."

காலையிலிருந்து இருட்டும் வரை ரயில்வே பிளாட்பாரத்தில். என் கையில் அப்போது இருபது பெஞ்சு போட்ட அறையின் சாவி இருந்தது.

அவன் என் மேல் வருத்தப்படவே இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. வீட்டுக்குப் போ என்று சொல்லும்போது, போவதற்கு ஒரு வீடு காய்ந்து இருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். நான் பிறந்த வீடு ஒழுகும், ஆனால் முழுகியதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த மழைக்கு முன்னால் தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். விதியில் இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு அவரே, "ஒரு ரூம் திறந்து வையுங்க. வருகைப் பதிவு எடுக்காதீங்க" என்றார். அப்படித்தான் மழை வகுப்பு வந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். மேப் பார்ப்போம், மழைமானி செய்வோம், சும்மா கதை பேசுவோம். யாராவது ஒரு டீச்சர் வீட்டிலிருந்து சாதம் வரும். படிப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காய்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அது போதும் என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் சொல்கிறேன். மழை நாளில் வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்ற கேள்வி, வீடு காய்ந்திருப்பவர்களின் கேள்வி. அதற்கு முன்னால் எங்கே உட்காருவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. மால் அதற்குப் பதில் சொல்லாது. அங்கே செக்யூரிட்டி சட்டையைப் பார்ப்பார். லைப்ரரியும் மியூசியமும் பள்ளிக்கூடமும்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அவை அந்தப் பிள்ளைக்கும் சொந்தம்.

அதிகாரத்தில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். லீவு அறிவிப்போடு இன்னொரு வரி சேருங்கள் என்று கேட்கிறேன். தண்ணீர் ஏறாத கிளை நூலகங்கள் திறந்திருக்கட்டும். வார்டுக்கு ஒரு பள்ளியில் ஓர் அறை திறந்திருக்கட்டும். மத்தியானம் அங்கே சோறு இருக்கட்டும். வெள்ளம் வந்தால் அதே பள்ளியைத்தான் நிவாரண முகாம் ஆக்குகிறோம். வெள்ளம் வரும் வரை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? ஆசிரியர்களுக்குக் கூடுதல் சுமைதான், தெரியும். முறை வைத்து வரலாம், ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிடலாம். நான் வருவேன்.

பொது இடங்களில் கழிப்பறை சரியில்லை, விளக்கப் பலகை புரியவில்லை என்பீர்கள். பல இடங்களில் உண்மைதான். ஆனால் நாம் போகாத இடத்தை யார் சரி செய்வார்கள்? கேட்கிற வாய் உள்ளவர்கள் உள்ளே போனால்தான் குழாயில் தண்ணீர் வரும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மியூசியத்தில் எடுத்த போட்டோவைக் குடும்பக் குரூப்பில் போட்டதும், "அந்தப் பொண்ணை ஏன் கூட்டிட்டுப் போனீங்க, ஏதாவது ஒண்ணுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் பொறுப்பு. அவள் அம்மாவிடம் கேட்டேன், போன் நம்பர் வைத்திருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்று பேர் கையையும் ஒரே மாதிரிதான் பிடித்தேன். நீங்கள் கேட்க நினைத்து எழுதாமல் விட்ட கேள்விக்கும் அதே பதில்தான்.

எல்லோரிடமும் ஒரு சின்ன வீட்டுப்பாடம். அடுத்த மழை லீவுக்கு உங்கள் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போகும்போது இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளையோ, இஸ்திரிக்காரர் வீட்டுப் பிள்ளையோ, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளையோ. பெற்றவர்களிடம் கேட்டுவிட்டு. ஒரு டிக்கெட்டும் ஒரு டிபன் பாக்ஸும்தான் கூடுதல் செலவு.

அந்தப் பெண் மறுநாள் அம்மாவோடு வந்தாள். இந்த முறை நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பேத்தியோடு சேர்ந்து மாடியில் மழைமானி வைத்திருக்கிறாள். நேற்றுக் காலை எட்டரைக்கு அளவு 22 மி.மீ. அவள் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது. பக்கத்தில், நான் சொல்லாமலே, 'எங்க வீட்டுல தண்ணி வரல' என்றும் எழுதியிருக்கிறாள்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதைப் படித்தால் ஒரு வரி எழுதப்பா. பெயர் போட வேண்டாம். எனக்குப் புரியும்.

எல்லோரும் காய்ந்த இடத்தில் இருங்கள். குடை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஜாக்ரபி டீச்சர்